தள்ளியிருந்த ஓட்டை

என் வீட்டுக்காரர் பேசுகிற பெட்டியிலிருந்து போன வாரம் புகை வந்தது.

தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை எடுத்த பிறகு அவருக்கு வாய் சாப்பிட மட்டும்தான். பேச்செல்லாம் கூடத்து மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் வழியாக. அவர் தட்டுவார், அது உரக்கப் படிக்கும். ஜலதோஷம் பிடித்த ஆளின் குரல். கோபமும் கொஞ்சலும் ஒரே சுரத்தில் வரும், நடுவில் மூச்சு வாங்குவதுபோல நிற்கும். அதைச் செய்த புண்ணியவான் யாரோ தெரியாது. புது கம்ப்யூட்டர் எதிலும் அந்தக் குரல் ஓட மாட்டேன் என்றது.

மகள் தன் போனில் வேறொரு குரலைப் போட்டுக் காட்டினாள். செய்தி வாசிப்பவர்போலக் கணீரென்று இருந்தது. இவர் இரண்டு வரி கேட்டுவிட்டு ஒரு துண்டுத் தாளில், "இது வேற ஆள்" என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் எழுதவும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் மேஜையைத் தட்டினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். "தட்டினா ஓடி வர்றதுக்கு நான் என்ன ஹோட்டல் சர்வரா?" என்று சமையலறையிலிருந்து கத்தினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அதோடு தட்டுவதும் நின்றுபோயிற்று. வீட்டில் ஓர் ஆள் இருந்துகொண்டே இல்லாமல் போவதைப் பார்த்து என் தம்பிக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை அவன் புது பவர் சப்ளையோடு வந்தான். அவனை நாங்கள் கைராசிக்காரன் என்போம். தொட்டதெல்லாம் உடையும், அதனால் வைத்த பெயர்.

"கரண்ட் வாங்கிப் பிரிச்சுக் குடுக்குற இந்த டப்பாதான் எரிஞ்சிருக்கும்னு கடைக்காரர் சொல்றாருக்கா. இதை மாத்தினா ஓடலாம். உள்ள மத்ததும் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"போயிருக்காது. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

நான் தையல்காரி. துணி வெட்டுகிற மேஜையைக் காலி செய்து பெட்டியைப் படுக்க வைத்தோம். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே தலையணைக்கு ஆகும் அளவு தூசி. அதைத் துடைத்து, எரிந்துபோன டப்பாவை வெளியே எடுத்து, புதியதை அதே இடத்தில் நுழைத்தோம். இரண்டு திருகு நன்றாக உட்கார்ந்தது. மற்ற இரண்டுக்கும் ஓட்டை சேரவில்லை.

"பழைய பெட்டி, புது சாமான். எப்படிக்கா ஒத்து வரும்? ட்ரில் போட்டுடலாம்" என்றான் கைராசிக்காரன்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது உடைத்துத் தொலைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல அவரிடம் குரல் இல்லை. அந்த நினைப்பே என்னை அவசரப்படுத்தியது. டப்பாவை வெளியே எடுத்தேன், எங்கே துளைப்பது என்று குறிக்கத் தையல் சாக்பீஸை எடுத்தேன்.

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். டப்பாவில் மூன்று ஓட்டை மூலைக்கு ஒன்றாக இருந்தது. நாலாவது மட்டும் மூலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது. பெட்டியிலும் அதேபோல ஒன்று தள்ளியிருந்தது, ஆனால் எதிர் மூலையில்.

"டேய், இது தப்பா வந்தது இல்லடா. வேணும்னே தள்ளி வச்சிருக்காங்க."

சட்டைக்குக் கை வெட்டும்போது நான் முன்பக்கம் ஒரு சின்ன வெட்டு வைப்பேன், பின்பக்கம் இரண்டு. இல்லாவிட்டால் இடது கை வலது பக்கம் போய் உட்கார்ந்துவிடும். இதுவும் அதே வேலைதான். டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினேன். பெட்டியின் மேல்தகட்டைப் பார்த்திருந்த அதன் விசிறி இப்போது பெட்டிக்குள்ளே பார்த்தது. நாலு திருகும் வழுக்கிக்கொண்டு இறங்கின.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பெட்டியைச் செய்தவர் இந்நேரம் வேலையை விட்டே போயிருப்பார். இந்த டப்பாவைச் செய்தவர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருந்தும் ஒரு நூல் பிசகவில்லை. என்னைப்போல ஒரு அவசரக்குடுக்கை என்றைக்காவது மாற்றிச் செருகுவாள் என்று முன்னாலேயே நினைத்து, அதற்கும் வழி பண்ணியிருக்கிறார்கள்.

"போச்சுக்கா" என்றான் தம்பி.

புது டப்பாவிலிருந்து வந்த பெரிய ஒயர்க்கொத்தின் முனை, அதைச் செருக வேண்டிய பழைய சர்க்யூட் பலகையின் பள்ளத்தைவிட நீளமாக இருந்தது. கோபத்தில் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். முனையில் ஒரு சின்னத் துண்டு நழுவிக் கையோடு வந்தது. உடைத்துவிட்டேன் என்று ஒரு கணம் உயிரே போனது. உடையவில்லை. அது கழன்று வருவதற்காகவே வைத்த துண்டு. மீதி, பழைய பள்ளத்தில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. இவ்வளவு பழைய பெட்டி எங்கேயோ ஒரு வீட்டில் இன்னும் இருக்கும், அதை நம்பி ஒரு ஆள் இருப்பார் என்று முகம் தெரியாத யாரோ நினைத்திருக்கிறார்கள். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். தம்பி சிரித்தான்.

பெட்டியை மூலையில் வைத்து, "நீங்களே போடுங்க" என்றேன். அவர் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. கைராசிக்காரன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு திரையில் வெளிச்சம் வந்தது, எழுத்து வந்தது, அவருடைய பேசும் கட்டமும் வந்தது.

அவர் விரல்களை எழுத்துகள் மேல் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனேன். எதிரே நின்றால் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லையே.

குழாயைத் திறக்கவில்லை. பாத்திரம் எதையும் தொடவில்லை.

"கோவக்காரி" என்றது ஜலதோஷக் குரல். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இங்க... வா" என்றது.

நான் போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"கோவக்காரி" என்று மறுபடி கேட்டது, இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டி வைத்து, வீடு அதிர.

"அக்கா, மாமா கூப்பிடுறாரு, காதுல விழலையா?" என்று தம்பி கத்தினான்.

"விழுது. நீ சும்மா இரு, அவர் கூப்பிடட்டும்" என்றேன்.