வேங்கிக்காலில் புறப்பட்ட விசைப்படகு

கடலுக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, பலராமன்தான் சம்பந்தம். மரக்காணத்துல ஓட்டை விழுந்த விசைப்படகு ஒண்ணை, அதுக்குள்ள இருந்த டீசல் எஞ்சினுக்காக மொத்தமா வாங்கி, லாரியில கட்டி இழுத்துட்டு வந்து, வேங்கிக்கால்ல அருணகிரியோட பட்டறை வாசல்ல நிறுத்திட்டாரு மனுஷன். நாலு சக்கர இரும்பு வண்டி மேல ஜம்முனு உட்கார்ந்திருந்தது படகு. எஞ்சினை மட்டும் கழட்டி, வேன்ல ஏத்தி, கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டு போகணும். அதுதான் திட்டம்.

பலராமன் நிலம் இருக்கிற கீழ்பென்னாத்தூர்ல ட்ரான்ஸ்பார்மர் எரிஞ்சு, கிணத்து மோட்டார் ஓடாம கிடக்கு. புதுசு எப்ப வரும்னு ஆண்டவனுக்கே தெரியாது. நெல்லு கதிர் தள்ற நேரம். இன்னிக்கோ நாளைக்கோ தண்ணி பாய்ச்சலைன்னா அத்தனையும் பதர்தான். பலராமன் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு பாவம்.

அருணகிரி காலையிலேயே நாலு போல்ட்டுல மூணைக் கழட்டிட்டான். நாலாவது போல்ட்டு உப்புக் காத்துல துருப்பிடிச்சு, அசைவேனாங்குது.

"அண்ணே, கயிறு கட்டி நாலு பேர் இழுத்தா பிச்சுக்கினு வந்துடும்"னான்.

எஞ்சினுக்குக் கயிறு கட்டினாங்க. ரோட்டுல போன நாலு பேரைக் கூப்பிட்டாங்க. வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல்லு வைக்கணும்னு ஒருத்தனுக்காவது தோணணுமே! வருஷா வருஷம் தேர் ஓடுற ஊரு, முட்டுக்கட்டையை மறந்தானுங்க. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது?

இழுத்தாங்க. போல்ட்டு அசையலை, படகு அசைஞ்சுது.

அன்னிக்குப் பௌர்ணமி வேற. கிரிவலத்துக்கு வந்த ஜனம் ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போகுது. திருவண்ணாமலையில நாலு பேர் கயிறு இழுக்கிறதைப் பார்த்துட்டு எவன் சும்மா போவான்? ஒருத்தர் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வந்து பிடிச்சாரு. அவரைப் பார்த்து ஒரு பஸ்ஸே இறங்கிப் பிடிச்சுது. "அண்ணாமலைக்கு அரோகரா!" படகு ரோட்டுல ஏறிடுச்சு. தேர் மேல எறியிற மாதிரி உப்பும் மிளகும் வந்து விழுந்துது.

"யோவ், விடுங்கய்யா! சாமி இல்லய்யா, எஞ்சின்!" பலராமன் தொண்டை கிழியக் கத்தினாரு.

"எல்லாம் அவன்தாங்க"ன்னு முன்னால இழுத்த மீசைக்காரர் கண்ணை மூடிக்கிட்டாரு.

படகுக்குள்ள மாட்டிக்கிட்ட அருணகிரி, ஸ்பேனரைத் தூக்கி ஆட்டி, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினான். ஜனம் அவனையும் கும்பிட்டுது.

ஊருக்குள்ள வந்து செஞ்சி ரோடு பிரியிற இடத்துல படகு கோயில் பக்கம் திரும்பப் பார்த்துது. போச்சுடா, இனி எஞ்சினும் இல்ல, நெல்லும் இல்லன்னு பலராமனுக்கு அழுகையே வந்துடுச்சு. முன்னால ஓடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னாரு.

"நடுவுல நிறுத்தக் கூடாதுங்க" மீசைக்காரர் பதறிட்டாரு. "வடம் பிடிச்சா நிலைக்குக் கொண்டாந்து சேர்க்கணும். நிலை எங்கன்னு சொல்லுங்க, போதும்."

பலராமன் சாமி விஷயத்துல பொய் சொல்ற ஆளே இல்ல. ஆனா நெல்லு காயுதே!

"கீழ்பென்னாத்தூர்"னாரு. "பலராமன் கிணத்து மேடு."

"அரோகரா!"

அப்புறம் என்ன, செஞ்சி ரோட்டுல தேரோட்டம்தான். ஒரு ஊர் ஜனம் களைச்சா அடுத்த ஊர் ஜனம் பிடிச்சுது. சோமாசிபாடியில நீர்மோர் கொடுத்தாங்க, மேளமும் சேர்ந்துக்கிச்சு. என்ன சாமின்னு ஒரு ஆள் கேட்கணுமே! பொழுது சாயறப்ப படகு கிணத்து மேட்டுல வந்து நின்னுது. வந்தவங்க கயிறைக் கண்ணுல ஒத்திக்கிட்டு பஸ் ஏறப் போயிட்டாங்க.

அருணகிரி கழட்டின போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கி, கிணத்து மேட்டுல கிடந்த பழைய பம்புக்கும் எஞ்சினுக்கும் பெல்ட்டு மாட்டி, கைப்பிடியைச் சுத்தினான். எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டுப் பிடிச்சுக்கிச்சு. தண்ணி குபுகுபுன்னு வாய்க்கால்ல இறங்குச்சு. படகுக்குப் பின்னால, கடல் தண்ணியைத் தள்ளுற விசிறி வெறுங்காத்துல சுத்துது. பலராமன் வரப்புல உட்கார்ந்து சந்தோஷத்துல குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

அவரு சம்சாரம் சந்திரம்மாள் வந்து படகை ஒரு சுத்து சுத்திப் பார்த்தா.

"ஏங்க, எஞ்சினைக் கழட்டவே இல்லையா?"

"வரலைடி. ஒரே ஒரு போல்ட்டு."

"கழட்டாமயே தண்ணி எடுக்குதே."

"எடுக்குதே!"

"முந்தாநேத்து மரக்காணத்துலேர்ந்து லாரி இதை இழுத்துக்கினு இந்த ரோட்டுலதானே போச்சு? நம்ம நிலத்தை ஒட்டித்தானே போச்சு? நான்கூட வரப்புல நின்னு உங்களுக்குக் கையை ஆட்டினேனே."

பலராமனுக்கு அழுகை நின்னு போச்சு.

"ஆமாண்டி"ன்னாரு. "நானும் ஆட்டினேன்."