புழக்கத்துக்கு வராத காசு

உலகப் படத்தில் இல்லாத நாடுகளுக்கெல்லாம் நான்தான் நாட்டாமை. பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில், இந்த வீட்டு மாடியறையில் அவை மரத்தட்டுகளில் கிடக்கின்றன. ஒன்றையும் எந்த வல்லரசும் ஒத்துக்கொள்ளவில்லை. குறுவை நடவில் பிறந்து சம்பா அறுப்புக்குள் செத்துப்போன நாடுகூட உண்டு. ஆனால் சாவதற்குள் ஒரு காரியத்தை மட்டும் மறக்காமல் செய்தார்கள். காசு எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி அடித்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்களோ இல்லையோ, காசு வேண்டும். மனுஷப் புத்தி.

மாதிரிக்காசு கடைக்குப் போகாது. இப்படி இருந்தால் சரியா என்று அரசாங்கத்துக்குக் காட்ட ஒன்றிரண்டு மட்டும் அடிப்பார்கள். அரசாங்கம் தலையாட்டுவதற்குள் அரசாங்கமே போய்விட்டால் அந்த ஒன்றிரண்டோடு சரி. அதைக் கொடுத்து யாரும் வெற்றிலை பாக்குகூட வாங்கியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு காசுக்கும் நான் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். நாடு, உலோகம், எடை, முகப்பு, பின்புறம், கடைசியாகப் புழக்கம். புழக்கம் என்ற இடத்தில் எல்லா அட்டையிலும் ஒரே சொல்தான்: இல்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம். ஆப்பிரிக்காவில், நாணயமும் பதக்கமும் அடிக்கிற ஒரு பட்டறையில் கணக்கு எழுதினார். அவர் அங்கே, நான் இங்கே. பிள்ளை இல்லை. நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் நாலு வருஷம் தேறினால் அதிசயம். மற்றவர்கள் வீட்டுக்குச் சேலை வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது. எனக்குக் காசு வந்தது, அதுவும் செல்லாத காசு. கோபத்தில் ஒரு வருஷம் தொடவே இல்லை. பிறகு பேச ஆளில்லாத வீட்டில் அவற்றையே எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பூதக்கண்ணாடி வாங்கினேன், நகைக்கடைத் தராசு வாங்கினேன், ஆங்கிலம்கூட அதற்காகத்தான் ஒழுங்காகப் படித்தேன்.

ஒரே ஒரு காசை மட்டும் அவர் தபாலில் அனுப்பவில்லை. கிலும்பே என்ற நாட்டின் காசு. அலுமினியத்தில் ஒன்றே ஒன்றுதான் அடித்தார்கள். அந்த வாரமே நாடு கவிழ்ந்தது, அச்சையும் உடைத்துப் போட்டார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்த நாட்ட யாரும் ஒத்துக்கல. நீ ஒருத்தி ஒத்துக்கிட்டாப் போதும்," என்றார். அவர் என்னிடம் சொன்னதிலேயே அழகான பேச்சு அதுதான்.

வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பியவர், வந்த மூன்றாம் மாதம், தை அறுப்பு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

ஆடியில் துரைராசு என்பவரிடமிருந்து கடிதம் வந்தது. சென்னையில் நாணயச் சங்கம் வைத்திருப்பவர். இப்படிப்பட்ட காசுகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் புத்தகம் போடுகிறாராம். என் வீட்டுக்காரர் முன்பே எழுதிச் சொல்லியிருந்த கிலும்பே காசுக்குத் தனிப் பக்கம், கீழே எங்கள் இருவர் பெயரும். வெள்ளிக்கிழமை வந்து கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வாராம். பார்க்காத காசை அச்சில் ஏற்றுவது சங்கத்தின் வழக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரிகையில் தவிர எங்கள் பெயர் எங்கேயும் சேர்ந்து அச்சானதில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மாடியேறினேன்.

என் வீட்டுக்காரர் போனபின் தட்டுகளை நான் திறக்கவே இல்லை. அன்றுதான் திறந்தேன். கிலும்பேயின் குழியில் காசு இல்லை.

மாடியைக் கவிழ்த்துப் போட்டேன். அரிசிப் பானைக்குள் கைவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவனிலிருந்து மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் வரை எல்லோரையும் மனசுக்குள் திருடனாக்கினேன். கடைசியில் அடுத்த வீட்டுக்குப் போனேன். அது என் கொழுந்தன் பஞ்சநாதன் வீடு. அவன் பெண்டாட்டி அகிலாண்டம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதாக்கா? நான்தான் எடுத்தேன்," என்றாள், கறிவேப்பிலை பறித்ததைச் சொல்வதுபோல. "மாமாவுக்கு நெத்திக்காசு வைக்கணும்னாங்க. வீட்ல சதுரமா அஞ்சு பைசாவும், நெளிநெளியா பத்துப் பைசாவும்தான் கெடந்துச்சு. நெத்திக்கு வட்டமா வேணாமா? மாடியில பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு. லேசாவும் இருந்துச்சா, சந்தனத்துல அப்படியே ஒட்டிக்கிச்சு. வழிச்செலவுக்குத்தானேக்கா!"

நான் பிணத்தின் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் காசு இருந்ததையும் பார்த்தேன். பத்தடி தள்ளி வைத்தாலும் எந்த நாட்டுக் காசு என்று சொல்கிறவள் நான். அன்று அவர் முகத்தைத்தான் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் படிக்காமல் விட்ட ஒரே காசு அதுதான்.

அகிலாண்டத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

ஆனால் எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. பெண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லைதான். இருந்தாலும் நெற்றிக்காசு வெட்டியானுக்கு என்பது எனக்கும் தெரியும். அந்த வேலை பார்க்கிற முருகையனைத் தேடி வாய்க்காலைத் தாண்டிப் போனேன். தெருமுனையில் செங்கொடியும், நாலடி தள்ளிக் கறுப்பு சிவப்புக் கொடியும் பறந்தன. முருகையன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் எழுந்திருப்பான். பெஞ்சைக் காட்டினார், உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நாங்க யாரும் வரலீங்களேம்மா," என்றார். "கூலி பேசி முடியிறவரைக்கும் மிராசு வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் போறதில்லன்னு சங்கத்துல முடிவு. பறையும் கெடையாது, வெறகு அடுக்கறதும் கெடையாது."

"நான் என்ன மிராசா? எனக்கு இருக்கறது ஒரு துண்டு வயலு."

"உங்க துண்டும் பஞ்சநாதய்யா பண்ணையோட சேந்துதானேம்மா கெடக்கு. ஐயா மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்க வயித்துப்பாடு அது."

கேட்க வந்ததைக் கேட்டேன்.

"நெத்திக்காசுங்களா? முகத்துல வறட்டி வைக்கறதுக்கு முன்ன நாங்கதான் எடுப்போம். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்." கட்டில் கயிற்றை இழுத்து விட்டார். "நாங்க இல்லாதப்ப யாரு எடுத்திருக்கப் போறா? அன்னைக்குப் போன உங்க ஆளுங்களுக்கு அது தெரியாதும்மா."

தெரிந்தவர்கள் வரவில்லை. போனவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் போக வழியில்லை.

அன்று சாயங்காலம் பஞ்சநாதனைக் கேட்டேன். கொள்ளி வைத்தது அவன்தான்.

"காச எடுக்கணும்னு யாரு கண்டா அண்ணி? வெறகு அடுக்கவே தெரியாம முழிச்சோம்," என்றான். பிறகு நெற்றியைத் தேய்த்தான். "மறுநா எலும்பு பொறுக்கறப்ப தலமாட்டுல வெள்ளையா ஒரு உருண்டை கெடந்துச்சு, ஈயம் மாதிரி. என்னமோன்னு அதையும் கலயத்துல போட்டு ஆத்துல விட்டுட்டேன்."

துரைராசு வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தார். மரியாதையான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டார், காப்பியைப் பாதியில் வைத்தார்.

"உங்கள நம்பலேன்னு இல்லம்மா. ஆனா படமும் இல்ல, காசும் இல்ல. கிலும்பே காசே அடிக்கலேன்னுதான் புத்தகத்துல போட முடியும்."

"போடுங்க," என்றேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு சத்தமில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அப்படி ஒரு நாடு இருந்தது, அதற்கொரு காசு இருந்தது, அதை ஒருவர் எனக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார் என்று அறிந்தவள் இனி நான் ஒருத்திதான். என்னோடு அதுவும் முடிந்தது. தனியாக இருந்து பழகியவள் என்று இத்தனை நாளும் பெருமையடித்துக்கொண்டேன். பழகவே இல்லை. அவர் வேண்டும் போல இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

பிறகு கிலும்பேயின் அட்டையை எடுத்தேன். கிழித்துப்போடத்தான் எடுத்தேன். நாடு, உலோகம், எடை எல்லாம் என் கையெழுத்தில் சரியாகத்தான் இருந்தன. கடைசி வரி மட்டும் சரியில்லை. வழிச்செலவுக்குத்தானேக்கா என்றாளே அகிலாண்டம்.

பேனாவை எடுத்து, புழக்கம் என்பதற்கு எதிரே இருந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘உண்டு’ என்று எழுதினேன்.