பதினோராம் படி

செண்பகவல்லியின் முகம் சிவந்தால் கோவில்பட்டியில் பேருந்துகள் நின்றுவிடும். ஓட்டுநர்கள் அதைச் சிக்னல் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஆறேழு முறை சிவந்தது. பயணிகள் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. வயது நாற்பத்தாறு. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிறுகுடலில், முகத்தைச் சிவக்கவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி ஒன்று இருந்தது. அது தன் பிள்ளைகள் பதினான்கு பேரை ஈரலில் குடியேற்றியிருந்தது.

மெதுவாக வளருகிற வகை, வெட்டி எடுக்கலாம் என்றார் அறுவை மருத்துவர் ஹெப்சிபா. அதற்கு முன் உயிரோடு இருப்பதற்கான விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

விண்ணப்ப அறைக்குப் போகும் தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அவளும் கணவர் உலகநாதனும் இரண்டு நாள் நடந்தார்கள். எழுத்தர் எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்டார். உலகநாதன் ஐந்து என்று சொல்ல வாயெடுத்தார். எதையும் அளவாகக் கேட்டுப் பழகியவர்.

"அந்தக் கட்டத்த காலியா விடுங்க," என்றாள் அவள்.

"காலியா விட்டா செல்லாதும்மா."

"இருந்து பாத்துட்டு எழுதுதேன்."

எழுத்தர் யோசித்தார். பிறகு முத்திரை குத்தினார்.

ஹெப்சிபா ஒளிவுமறைவு இல்லாதவர். மயக்கம் கொடுக்கும்முன் குனிந்து சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்தாலும் ஒண்ணு ரெண்டு திரும்பி வரலாம். வந்தா மறுபடி எடுப்பேன்."

"எடுங்க," என்றாள்.

பதினோரு மணி நேரம் ஆனது. கட்டிகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தன. குடலில் இருந்த மூத்தது கடைசியாக வந்தது. இடமில்லாமல் நின்றது. ஈரலில் பாதிக்கு மேல் அவற்றோடு போய்விட்டது.

மிச்ச ஈரல் மறுநாள் காலையே வளரத் தொடங்கியது. உலகநாதன் கட்டிலருகே உட்கார்ந்து அது வளரும் சத்தத்தைக் கேட்டார். மூங்கில் குருத்து விடுவது போலிருந்தது. அத்தனை நாளும் அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். கோவில்பட்டியில் பேருந்துகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆண்டுப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் நிற்க வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு படி. மேலே போகப் போக நெரிசல் குறையும். நான்காம் படியில் அவளுக்கு இரண்டு கட்டிகள் திரும்பி வந்தன. ஹெப்சிபா சொன்ன சொல் தவறவில்லை. சூடான ஊசியால் இரண்டையும் பொசுக்கினார். அவள் ஐந்தில் ஏறினாள்.

பத்தாம் படியில் அவளோடு ஏழு பேர் நின்றார்கள். அதற்கு மேல் படி இல்லை. படிகளைக் கட்டியவர்கள் இத்தனை பேர் இவ்வளவு உயரம் வருவார்கள் என்று நினைத்திருக்கவில்லை. ஹெப்சிபா கொத்தனாரை வரச்சொன்னார். அவர் மத்தியானத்துக்குள் பதினோராம் படியைப் பூசி முடித்தார்.

"இன்னும் காயலம்மா. நாளைக்கு வாங்க," என்றார்.

செண்பகவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வலது காலை ஈரச் சிமெண்டில் வைத்தாள். சில்லென்றிருந்தது. பின்னால் ஏழு பேரும் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.