பின்னால் வரும் பெயர்

திரைத்துணியை ஒரே இழுப்பில் விலக்கிவிட்டு அவள் கட்டிலைப் பார்த்தாள். பாதி முகத்துக்கு மேல் கட்டு. மீதி முகம் வீங்கிக் கறுத்திருந்தது. ஆனாலும் காதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணனுக்குக் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். இவனுக்கு மடல் ஒட்டாமல் தனியாகத் தொங்கியது.

"அப்பாடா" என்றாள். மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள், வாய்விட்டே வந்துவிட்டது. "எங்க அண்ணன் இல்ல."

கட்டிலில் கிடந்தவனின் ஒற்றைக் கண் அவள் பக்கம் திரும்பியது. தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணும் திரும்பினாள். அப்போதுதான் இருவரையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கையிலிருந்த திரைத்துணியை விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு போன் வந்திருந்தது. குடும்பப் பெயரைச் சொல்லி, ரம்பப் பட்டறையில் அடிதடி, ஆள் மோசமாக இருக்கிறார், உடனே வாருங்கள் என்றார்களாம். அந்தப் பெயரில் ஊரில் வேறு வீடு கிடையாது. அண்ணன் அந்தப் பட்டறையில்தான் மேஸ்திரி. அம்மா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கடையில் வேலையாக இருந்த மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லியனுப்பினார். பாதி கட்டிய மருந்துப் பொட்டலத்தை மேஜையிலேயே போட்டுவிட்டு அவள் ஓடிவந்தாள்.

அது பிரெஞ்சுப் பெயர். நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்த ஒருவர் விட்டுப்போனது. அவருடைய நிறம் இரண்டு தலைமுறையில் போயிற்று, மொழி ஒரே தலைமுறையில் போயிற்று. பெயர் மட்டும் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. அதற்குப் படைத்தலைவன் என்று பொருள் என அப்பா சொல்வார். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அவளையும் அண்ணனையும் பெல்ட்டால் விளாசும்போதுகூட, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டுத்தான் விளாசுவார்.

கட்டிலில் கிடந்தவனுக்கு அது பின்னால் வரும் பெயர் இல்லை. அவன் பெயரே அதுதான். அப்பாவுக்கும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த, பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் இந்தத் தையல்காரிக்கும் பிறந்தவன் அவன். அண்ணனைவிட ஆறு மாதம் இளையவன். பள்ளியில் சேர்த்தபோது, தகப்பன் கையெழுத்து இல்லாமல் அந்தக் குடும்பப் பெயரைப் பின்னால் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, அப்படியானால் முன்னால் போடுங்கள் என்று தையல்காரி அதையே பிள்ளையின் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டாள். விஷயம் காதுக்கு எட்டிய அன்று அப்பா அவள் கடைக்குப் போனார். அன்று வாங்கிய அறையிலிருந்து அவளுக்கு இடது காது கேட்காது.

ஆனாலும் பிள்ளை வளர்ந்ததும் அப்பாவே அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டார். ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலை. அங்கே ஒருநாள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பழைய அகராதி ஒன்றில் பார்த்ததாக அவன் சொன்னான். அந்த மொழியில் அந்தச் சொல் படைத்தலைவனுக்கும் உண்டு, குதிரைக்கு லாடம் அடிப்பவனுக்கும் உண்டு, முதலில் இருந்த பொருள் குதிரைக்காரன் என்பதுதானாம். கப்பலில் வந்தவர் எதுவாக இருந்திருப்பார், நீங்களே சொல்லுங்கள் என்றானாம். பட்டறையே சிரித்து உருண்டது. அன்று முதல் அவனை எல்லோரும் லாடம் என்றே கூப்பிட்டார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா இறந்த அன்று லாடம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது, அண்ணன் முழங்கையால் இடித்து அவன் முன்பல்லை உடைத்தான். அவள் அப்போது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வரவில்லை.

இப்போது தையல்காரிதான் முதலில் பேசினாள்.

"நீ மருந்துக்கடைல இருக்கிறவதானே. இந்த பாட்டில்ல ஏறுறது என்ன மருந்து?"

அவள் கட்டிலில் தொங்கிய மருந்துச் சீட்டைப் படித்தாள். அது ஒன்றுதான் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவற்றையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள்.

"வலி தெரியாம இருக்குறதுக்கு."

"பொழைக்கிறதுக்கு எது?"

அவள் சீட்டைத் திரும்பத் தொங்கவிட்டாள். தையல்காரி மறுபடி கேட்கவில்லை. வலது காதை மகனின் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

போய்விடலாம் என்றுதான் அவள் வெளியே வந்தாள். அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவுக்கு போனில் சொன்னாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தது கேட்டது. போனை வைத்தபோது எதிர்ப் பெஞ்சில் பட்டறையின் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். லாடத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது.

நடந்ததை அவர் மெதுவாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால் லோடு ஏற்ற வந்த ஒரு இளவட்டம் எதிர்த்துப் பேசினான் என்று அண்ணன் பலகையால் அவன் முகத்தில் அடித்திருக்கிறான். ஒரு கண் போய்விட்டது. இன்று காலை அவனுடைய சொந்தக்காரர்கள் நாலு பேர் லாரி டயர் கழற்றும் கம்பிகளோடு உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு ஆளைத் தெரியாது. பெயர் மட்டும் தெரியும்.

"பேரச் சொல்லி யாருடான்னு கேட்டாங்க. ரம்பம் ஓடிட்டிருந்துச்சு. ரெண்டாவது வாட்டி கத்துனாங்க. லாடம் அரத்தக் கீழ வச்சிட்டு எந்திரிச்சான். நான்தான், என்ன வேணும்னான்."

"எங்க அண்ணன் எங்க இருந்தாரு?"

வாட்ச்மேன் தன் செருப்பைப் பார்த்தார். "பலக அடுக்குக்குப் பின்னாடி. பத்தடிகூட இருக்காது."

"அவருக்குக் கேட்டிருக்காது."

"வாசல்ல நிக்கிற எனக்கே கேட்டுச்சும்மா."

முதல் அடி முழங்காலில் விழுந்தது. மடங்கி விழுந்தவனைச் சுற்றி நின்றுகொண்டு, வேலை செய்வதுபோல மாற்றி மாற்றி அடித்தார்கள். கையை வைத்துத் தலையை மறைத்தான், கை உடைந்தது. மறு கையை வைத்தான், அதுவும் உடைந்தது. அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. ரம்பத்தை ஓட்டியவன் அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தான். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்ததில் அவன் கத்தியதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் ஒருவன் குனிந்து, தம்பி கண்ணுக்கு இது என்று சொல்லிக் கம்பி நுனியை இறக்கினான். வாட்ச்மேன் ஓடிப்போய் ஒருவன் இடுப்பைப் பிடித்தார், உதைத்துத் தள்ளினான். அவர்கள் போன பிறகுதான் அண்ணன் அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்தான். வந்து ரம்பத்தின் ஸ்விட்சை அணைத்தான்.

"அணைச்சிட்டு?" என்றாள்.

"அணைச்சிட்டு நின்னாரு."

அவள் திரும்ப உள்ளே போனாள். எதற்குப் போகிறோம் என்று தெரியவில்லை. தையல்காரி ஈரப் பஞ்சு இருந்த கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் பஞ்சை எடுத்து அவன் உதட்டை நனைத்தாள். உடைந்த பல்லின் இடைவெளியில் தண்ணீர் இறங்கியது. கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த ஒற்றைக் கண்ணில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவன் எதுக்கு நான்தான்னு சொன்னான்?" என்று அவள் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

தையல்காரி மகனின் போர்வையை இழுத்துவிட்டாள். "சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அந்தப் பேர யாராச்சும் கேட்டா மொதல்ல எந்திரிச்சு நிப்பான். உன் பேரு இல்லடான்னு பசங்க அடிப்பாங்க. அடி வாங்கிட்டு வந்து, நான்தான்னு சொல்லிட்டேம்மா அப்படிம்பான்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்பல்லாம் ஊரே லாடம்னுதான் கூப்புடுது. முழுப்பேரச் சொல்லிக் கூப்புட யாரு இருக்கா."

ஒன்றேகாலுக்கு மூச்சு சத்தம் மாறியது. நர்ஸ் வந்தாள், டாக்டரைக் கூப்பிடப் போனாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. தையல்காரி காதை எடுக்கவில்லை. மகன் இன்னும் ஏதோ சொல்லப்போகிறான் என்பதுபோல அப்படியே குனிந்திருந்தாள்.

உடம்பைச் சவக்கிடங்குக்கு எடுத்துப்போன பிறகு தையல்காரி வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தங்கை சற்றுத் தள்ளி நின்றாள். அப்போதுதான் அண்ணன் இன்ஸ்பெக்டரோடு வந்தான். பேன்ட்டில் மரத்தூள் படிந்திருந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. தங்கையைப் பார்த்து, நீ ஏன் இங்கே, வீட்டுக்குப் போ என்றான். தையல்காரியின் இடது பக்கம் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டர் கேட்கத் தொடங்கினார். இறந்தவருக்கு விரோதிகள் உண்டா?

"பொம்பள வெவகாரம் சார்" என்றான் அண்ணன். "ரெண்டு மூணு எடத்துல தகராறு. நாங்களே எத்தனையோ தடவ கண்டிச்சிருக்கோம்."

தையல்காரி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். செவிட்டுக் காதுப் பக்கம் பேசியது அவளுக்கு எட்டவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எழுதாதீங்க சார். அவங்க தேடி வந்தது இவர."

அண்ணன் ஒரே எட்டில் வந்து அவள் முடியைப் பிடித்தான். அப்பா அடிக்கும் வரிசை அதேதான்: முதலில் முடி, பிறகு சுவர். இங்கே சுவருக்குப் பதில் ஸ்ட்ரெச்சர் வண்டியின் இரும்புச் சட்டம் இருந்தது. இரண்டு முறை முகத்தை அதில் மோதினான். உதடு கிழிந்து வாயில் ரத்தம் நிறைந்தது. மூன்றாவது முறைக்கு இழுத்தபோது அவள் கை வண்டியின் மேலிருந்த எவர்சில்வர் தட்டில் பட்டது. எடுத்து ஓங்கி அடித்தாள். விளிம்பு அவன் புருவத்தைக் கிழித்தது. அவன் பிடி தளர்ந்ததும் மறுபடி அடித்தாள். கன்னத்தில், கழுத்தில், தடுத்த கையில். கத்தாமல், மூச்சு வாங்க வாங்க அடித்தாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடிவந்து பிரித்தபோது தட்டு நெளிந்து போயிருந்தது.

"வீட்டு மானத்த வாங்குறா சார்" என்றான் அண்ணன். புருவத்திலிருந்து ரத்தம் கண்ணில் வடிந்துகொண்டிருந்தது.

அவள் வாயிலிருந்ததைத் தரையில் துப்பிவிட்டுச் சொன்னாள். கண் போன பையனைப் பற்றி, பலகையைப் பற்றி, அடுக்குக்குப் பின்னால் பத்தடி தூரத்தைப் பற்றி. சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் முன்பு எழுதிய பக்கத்தைக் கிழித்தார். வாட்ச்மேன் தானாகவே எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

தையல்காரி இப்போது திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. தங்கையின் உதட்டைத் துடைக்கத் துணியும் தரவில்லை.

அன்று அம்மா கதவைத் திறக்கவில்லை. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவளுக்கு இங்கே இடமில்லை என்று உள்ளேயிருந்து சொன்னாள். அவள் மருந்துக்கடையின் பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் உடம்பைத் தந்தார்கள். இடுகாட்டுக்குப் பட்டறை ஆட்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நாலு பேர் குழியில் மண் தள்ள, மற்றவர்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். யாரோ ஒருவர் லாடம் என்று சொல்லி அழ ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவள் கூட்டத்துக்கு வெளியே, வேலியோரம் நின்றாள். வீங்கிய உதட்டைச் சேலை முந்தானையால் மறைத்திருந்தாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது தையல்காரி அவளிடம் நடந்து வந்தாள்.

"நேத்து உள்ள வந்ததும் ஒண்ணு சொன்னியே. அது அவன் காதுல விழுந்துச்சு."

"தெரியும்."

"என் காதுலயும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தாள். தையல்காரி கையை அசைத்து வேண்டாம் என்றாள்.

பட்டறை ஆட்கள் இழைத்த பலகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். பெயர் எழுதுகிறவர் மண்மேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதல் பெயரை எழுதி முடித்திருந்தார். தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே, பின்னால் குடும்பப் பெயர் என்ன போட வேண்டும் என்று கேட்டார். பட்டறை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் வேலியை விட்டு முன்னால் வந்தாள்.

"அதையே இன்னொரு தடவ எழுதுங்க" என்றாள்.

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "அதேவா? ரெண்டு தடவையா?"

"ஆமா. முன்னாடியும் அதுதான், பின்னாடியும் அதுதான்."

அவர் தையல்காரியைப் பார்த்தார். அவள் பலகையில் காய்ந்துகொண்டிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது வேணாம்" என்றாள் கடைசியில். "அவன் ஆசப்பட்டான். எழுதட்டும்."

எழுதுகிறவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த பலகையில் இடம் போதுமா என்று ஜாணால் அளந்தார். போதவில்லை. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு, முதல் எழுத்தின் கோடு இழுக்க ஆரம்பித்தார்.