பேத்தை மீனும் சீத்தாப்பழமும்

சம்மந்தி வீடு பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வரிப்பத்தான்சேனைச் சுபைறா வேனில் ஏறினாள். உள்ளதைச் சொன்னால், அவள் போனது குறை பிடிக்க.

சுபைறாவுக்கு ஒரே மகன் ஸஜாத். அவன் ஐந்து வயதாயிருக்கும்போதே வாப்பா மௌத்தாகிப் போனார். அதற்குப் பிறகு இரண்டேக்கர் வயலையும், மேட்டுக்காணியில் போட்ட சோளனையும் கச்சான் கடலையையும் வைத்து அவனைப் படிப்பித்து வாத்தியாராக்கினாள். இப்போது அவனுக்கு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கல்முனை ஸம்றாவைப் பேசியிருக்கிறது. பிள்ளை தங்கமான பிள்ளை. பிரச்சினை பிள்ளையில் இல்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பான். நிக்காஹ் முடிந்த அன்றைக்கே ஸஜாத் கல்முனைக்காரனாகிவிடுவான், சுபைறா தன் வீட்டில் தனியாகிவிடுவாள். அவளுடைய புருசனும் இப்படித்தான் தாயை விட்டு அவள் வீட்டுக்கு வந்தவர். அந்தத் தாய் எப்படி இருந்திருப்பாள் என்று அன்றைக்கு அவள் ஒரு நிமிசம் கூட யோசிக்கவில்லை. இப்போது யோசித்து என்ன பிரயோசனம்!

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் குறை சொல்ல ஒரு அறை கிடைத்தது. ஸம்றாவின் வாப்பா பக்கீர் முகைதீன் இருபத்திரண்டு வருசம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றியவர். பெரு, மெக்சிக்கோ என்று போன துறைமுகமெல்லாம் பழைய மண்பாண்டங்கள் வாங்கிச் சேர்த்து, வீட்டு முன்னறையை நூதனசாலையாக்கி வைத்திருந்தார். அதில் பாதி மனிசர்களும் மிருகங்களுமாம். சுபைறா உடனே ஆளனுப்பினாள். "சிலை இரிக்கிற வீட்டுக்கு வானத்தில இருந்து மலக்குமார் இறங்கமாட்டாங்க. அந்த அறைய வெறுமையாக்காம என்ட மகன் அந்த வாசல் மிதிக்கமாட்டான்."

ஒருத்தரும் மறுத்துக் கதைக்க முடியாத நியாயம். மனிசன் மாட்டேன் என்பார், ரோசம் வரும், பேச்சு முறியும் என்று அவள் கணக்குப் போட்டாள். பக்கீர் முகைதீனோ, "வெறுமையாக்கித் தாறன். கொழும்பில ஒருத்தர் எல்லாத்தையும் எடுக்கிறதாச் சொல்லியிரிக்கார், திங்கக்கிழமை வாறார். அதுக்கு முந்தி சம்மந்தி ஒருக்கா வந்து பாத்திட்டுப் போகட்டும்" என்று மறுமொழி அனுப்பிவிட்டார். போட்ட கணக்குப் பிழைத்துப்போனது. புதிய குறை ஒன்று தேடியாக வேண்டும்.

"முகத்தக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெய்யேன் புள்ள, மையத்து வீட்டுக்கா போறம்?" என்றாள் கூடவே வந்த ராத்தா, மூத்தவள் சுஹறா. சுபைறா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்முனையில் வீடு வீதியோரத்தில்தான் இருந்தது. பக்கீர் முகைதீனின் மனைவி றாஹிலா வாசலில் நின்று வரவேற்றாள். ஆள் சிரித்தாள்தான், ஆனால் கண் வீங்கியிருந்தது. குசினி சுத்தம். கிணற்றடி சுத்தம். கூரையில் ஒழுக்கு இல்லை. ஒரு ஓட்டைக்கும் வழியில்லாமல் கட்டியிருக்கிறானே பாவி மனிசன் என்று சுபைறாவுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியாக அந்த அறை. கதவில் ஒரு பலகை: 'கொலம்பசுக்கு முந்தி. சிறு நூதனசாலை. வெள்ளிக்கிழமை மட்டும்.'

உள்ளே நான்கு கண்ணாடி அலுமாரிகள். நிலத்தில் வைக்கோல் நிரப்பிய பெட்டிகள் தயாராக இருந்தன. பக்கீர் முகைதீன் வெள்ளைச் சேட்டோடு மூலையில் நின்றார். பாண்டங்களில் முகம் உள்ளவை எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"இதென்ன காக்கா, எல்லாம் முதுகக் காட்டிக்கொண்டு நிக்குது?" என்று சுஹறா அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"தங்கச்சிக்குப் புடிக்காது எண்டு சொன்னாங்க. அதான் திருப்பி வெச்சன்" என்றார் அவர். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. சுபைறாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சண்டைக்கென்று வந்த இடத்தில் எதிராளி இப்படி மரியாதை காட்டினால் என்ன செய்கிறது?

வந்ததற்கு ஒன்றிரண்டைப் பார்ப்போம் என்று முதல் அலுமாரிக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

செம்மண் நிறத்தில் ஒரு குடுவை. உடம்பெல்லாம் சோளன் பொத்திகள். மேலே இரண்டு குழாய்கள் வளைந்து வந்து ஒரே வாயாகச் சேர்ந்திருந்தன.

"இது பெருவில செஞ்சது. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்குக் கிட்ட வரும். சோளன்" என்றார் பக்கீர் முகைதீன்.

"சோளன் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றாள் சுபைறா. கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. "ராத்தா, இஞ்ச பாருங்க. நுனியில மணி பிடிக்கல்ல. பூக்கிற நேரம் தண்ணி காணாமப் போனா இப்பிடித்தான் வரும். போன போகத்தில எனக்கும் வந்த. இத ஆரும் யோசிச்சுச் செய்யேலாது. உண்மையான பொத்தியப் பச்சை மண்ணில அமத்தி எடுத்திரிக்கான். சுபுஹானல்லாஹ்! எப்பிடிக் கைக்காரனுகள்!"

பக்கீர் முகைதீன் ஒரு அடி முன்னுக்கு வந்தார். "அமத்தி எடுத்ததுதான். புத்தகத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு. தண்ணிக் கதை எனக்குத் தெரியாது தங்கச்சி."

அடுத்தது கச்சான் கோது. வலைபோன்ற கோடுகள் ஒன்றுவிடாமல் இருந்தன. அதற்கடுத்தது கொச்சி மிளகாய். அதற்கடுத்தது மரவள்ளி. "நம்மட ஆக்கள் கொண்டு போய்க் குடுத்ததா?" என்று சுஹறா கேட்டாள். "இல்ல, அங்க இருந்துதான் இஞ்ச வந்த" என்று அவர் சொன்னதும் சுபைறா அலுமாரியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் அவளுடைய மேட்டுக்காணி முழுவதும் இந்தப் பாண்டம் செய்தவர்களுடைய பயிர். "என்ட மகனப் படிப்பிச்சதே இதுகள்தான் காக்கா" என்றாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, வந்துவிட்டது.

மூன்றாவது அலுமாரியில் உருண்டையாய், உடம்பெல்லாம் முள்ளாய் ஒன்று. கீழே எழுதியிருந்தது: 'பேத்தை மீன்.'

சுபைறா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "இது ஆரு எழுதின?"

"நான்தான். கடலில பேத்தை ஊதினா இப்பிடித்தான் நிக்கும்."

"கண் எங்க? வால் எங்க?"

அவர் குனிந்து தேடினார்.

"முள்ளெல்லாம் ஒரு பக்கம் வளைஞ்சு கிடக்கு. இஞ்ச மேல காம்பு முறிச்ச தடம். முள்ளுச் சீத்தாப்பழம் காக்கா! எங்கட வளவில ரெண்டு மரம் நிக்குது. கடற்கரை ஆக்களுக்கு எதப் பாத்தாலும் மீன்தானா?"

சுஹறா சிரித்த சிரிப்பில் றாஹிலா குசினியிலிருந்து ஓடி வந்தாள். பக்கீர் முகைதீன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுப் பார்த்தார். "பதினொரு வருசம்" என்றார். "பதினொரு வருசமா வாற ஆக்களுக்கெல்லாம் மீன் எண்டு சொல்லிக்கொண்டிரிக்கன்." பிறகு அவரும் சிரித்தார். அப்படியொரு சந்தோசம் மனிசனுக்கு! பேனையை எடுத்துப் பேத்தையை வெட்டிச் சீத்தாப்பழம் என்று எழுதினார். இரண்டு நாளில் கைவிட்டுப் போகப்போகிற சாமானுக்கு இவ்வளவு கவனமாய்ப் பேர் திருத்துகிறாரே என்று சுபைறா அவருடைய கையையே பார்த்தாள்.

"அந்தச் சுவரப் பாக்கிறவரையும் ஒருக்காத் திருப்புங்க" என்றாள்.

திருப்பினார். கிழவன் ஒருவனின் தலை. ஒரு கண் சிறுத்து, வாய் கோணி, யாருக்கோ ஏசப் புறப்பட்ட முகம். "அல்லாஹ்! வயலுக்குத் தண்ணி பிரிக்கிற நம்மட வட்டவிதானைதான்! வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடிக்கிற நேரம் இப்பிடித்தான் நிப்பார்" என்று சுஹறா வாயைப் பொத்தினாள். சுபைறாவும் சிரித்தாள். ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திய மனிசன் ஒருவனை நேற்றுப் பார்த்தவன்போல அடையாளம் தெரிகிறதே! செய்தவன் எந்தக் கையால் செய்தானோ!

சிரிப்பு அடங்கியதும் எல்லோருடைய கண்ணும் வைக்கோல் பெட்டிகளுக்குப் போனது.

சுபைறா வீதிப்பக்கச் சுவருக்குப் போய்க் கையால் தட்டிப் பார்த்தாள். வரம்பு பார்ப்பதுபோல அறையை நீளமும் அகலமும் நடந்தாள்.

"காக்கா, வீட்டுக்குள்ள சிலை வேணாம் எண்டு நான் சொன்னது சொன்னதுதான். அதில மாத்தமில்ல. வீட்டுக்குப் போற இந்த உள்கதவக் கல்லு வெச்சு அடையுங்க. வீதிப்பக்கம் ஒரு கதவு வெய்யுங்க. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதக்குள்ள இந்த அறைய நீங்களே வெச்சிக்கொண்டு, மத்தத மகளுக்கு எழுதுங்க. அப்ப இது வீடில்ல, வேற கட்டடம். கொழும்புக்காரருக்குப் போன் எடுத்து வரவேணாம் எண்டு சொல்லுங்க."

பக்கீர் முகைதீன் தலையை ஆட்டினார். றாஹிலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எந்தெந்த நாள் திறப்பீங்க?" என்று சுபைறா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும்தான். ஆக்கள் வாறது குறைவு."

"அது காணாது. கிழமையில மூணு நாளாவது திறக்கணும்."

"மூணு நாளா! ஆரு வாற?"

"நான் வருவன்." சுபைறா சீத்தாப்பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மகன் குடியிருக்கிற வீட்டுக்கு மூணு நாளும் போய் நிண்டா ஊர் சிரிக்கும் காக்கா. மியூசியம் பாக்க வாறவள ஆரு என்ன கேக்கிற?"

சொல்லிவிட்டு முந்தானை நுனியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

றாஹிலா வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். "வாங்க மச்சி, எல்லா நாளும் வாங்க. மியூசியம் பூட்டின நாளில குசினிக் கதவு திறந்துதான் கிடக்கும்."