பாதி சார்ஜ்

அலமாரியில் புடவைகளுக்கு நடுவே கிடந்த என் லேப்டாப்பை என் வீட்டுக்காரர் நிர்மல் மாதம் தவறாமல் வெளியே எடுப்பார். பாதி சார்ஜ் ஏற்றுவார், அணைப்பார், திரும்ப வைத்துவிடுவார். முழுக்க ஏற்றி வைத்தாலும் பேட்டரி கெடுமாம், காலியாகக் கிடந்தாலும் கெடுமாம். வெயில் படக் கூடாது, மெத்தை மேல் வைக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட இத்தனை பத்தியம் இருக்காது. மகள் பட்டு பிறந்ததும் வேலையை விட்டவள் நான். நாலு வருஷமாக அதைத் திறக்கவே இல்லை.

"யாருக்குங்க இந்தக் கவனிப்பு?" என்று கேட்டால், "இருக்கட்டும் ரோஹிணி" என்பார், அதோடு சரி. காசு போட்டு வாங்கிய பொருளாயிற்றே என்று பார்க்கிறார் போல, என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் மகர்பட்டாவில் ஒரு கம்பெனி ஆன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வியாழக்கிழமை காலை என்றார்கள், சந்தோஷத்தில் சரி என்றுவிட்டேன். புனேயில் வியாழக்கிழமைதான் ரிப்பேர் வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். லோஹேகாவில் இத்தனை வருஷம் குடியிருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பில்டிங்கில் ஜெனரேட்டரும் கிடையாது.

இரண்டாவது கேள்வியிலேயே ஃபேன் நின்றது, வைஃபையும் போனது. ஹாலில் நிர்மலின் ஆபீஸ் லேப்டாப்பும் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. எந்நேரமும் சார்ஜரிலேயே கிடந்து பேட்டரி செத்துப்போனது அது. கம்பெனி சொத்து, அவர் கண்டுகொண்டதே இல்லை. இன்டர்வியூவுக்காக முந்தின ராத்திரி அவர் எண்பது வரை ஏற்றி வைத்த என்னுடையது எழுபத்தெட்டு சதவீதம் காட்டியது.

"நூறு வரைக்கும் ஏத்தியிருக்கலாமில்லைங்க?" அழுகையே வந்துவிட்டது.

"நீ பேசு. அது தாங்கும்." தன் ஃபோனிலிருந்து நெட் கொடுத்துவிட்டு, சிக்னல் தேடி பால்கனிக்குப் போனார்.

திரும்பச் சேர்ந்துகொண்டேன். கேள்வி கேட்ட ராஜஸ்ரீ மேடம் லேசில் விடவில்லை. எழுபது, அறுபது என்று சதவீதம் நிதானமாகத்தான் இறங்கியது. நாலு வருஷம் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டபோது ஐம்பத்தொன்று. மகளை வளர்த்தேன் என்றேன். அப்போதுதான் புரிந்தது. இனி எனக்கு வேலையாவது ஒன்றாவது என்று நானே கைகழுவி விட்டிருந்த நாளிலெல்லாம், இந்த மனுஷர் நான் திரும்பப் போவேன் என்றே இருந்திருக்கிறார். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துக்கொண்டேன்.

கடைசியில், எடுத்தால் எப்போது சேர முடியும் என்று கேட்டார் ராஜஸ்ரீ. எல்லாரையும் கேட்பதுதான் அது.

பதில் சொல்லுமுன் பால்கனியைப் பார்த்தேன். கம்பிக்கு வெளியே ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்ற நிர்மல், வலித்ததோ என்னவோ, மெல்லக் கை மாற்றிக்கொண்டிருந்தார்.