நாக்குக்கு அடியில்

வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள் மனைவி. தையல் கடையில் எல்லோரும் வாய் நிறைய மாஸ்டர் என்று கூப்பிடுகிற கட்டிங் மாஸ்டர், கல்யாண வயதில் நிற்கிற மகள் பார்த்துக்கொண்டிருக்க, பல் டாக்டரிடம் வந்த பிள்ளை மாதிரி வாயைப் பிளந்தார். மாத்திரை உள்ளே போயிருந்தது. மனைவியின் முகத்தில் நம்பிக்கைதான் வரவில்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. பல வருஷங்களுக்கு முன்னால், மனசு தடுமாறாமல் இருக்கக் கொடுத்த லித்தியம் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்பிக்கொண்டிருந்தவர்தான் இவர். கை நடுங்குகிறது, ஓயாமல் தாகம் எடுக்கிறது, உடம்பு ஊதுகிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது என்று அப்போது காரணம் சொன்னார். காரணமெல்லாம் உண்மை. ஆனால் துப்பியதன் பலனாகத் தூக்கம் பறந்துபோய், வாடிக்கையாளர்கள் கொடுத்த துணியையெல்லாம் ஒரே அளவில் வெட்டித் தள்ளிவிட்டார். உலகத்தில் எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்று அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்திருந்தது. கடை மனைவியின் அண்ணனுடையது என்பதால் வேலை தப்பியது, மானம்தான் போனது. அதன் பிறகு அவர் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. லேசான நடுக்கத்தோடு பழகிக்கொண்டார். சாக்கட்டியை அழுத்திப் பிடித்தால் கோடு நேராகவே வந்தது.

இந்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்குத் தலை வலித்தது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். அந்த அறைக்குக் கதவு என்று இருந்தது ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று மனநல டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போய் வருகிற குடும்பம் அது. மனைவி முந்திக்கொண்டு, எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். மாஸ்டரும் பெரிய யோக்கியர் மாதிரி தலையாட்டினார். சிறுநீரை அதிகம் போக வைக்கிற மாத்திரை ஒன்றும், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லி உத்தரவும் கிடைத்தன. மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. உப்பு டப்பாவையே பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

சில வாரங்களில் நடுக்கம் கையை விட்டுத் தோளுக்கு ஏறியது. சாக்கட்டி துணியில் கோடு போடாமல் குதித்தது. ஒரு சட்டையின் கழுத்து வளைவு கோணிக்கொண்டு போனது, அடுத்த நாள் இன்னொன்று. பேச்சும் குழறியது. கடையில் இருந்தவர்கள் குடி என்றார்கள். மச்சானுக்கு விஷயம் தெரியும், அதனால் அவர் வேறு மாதிரி கணக்குப் போட்டார். தங்கையைக் கூப்பிட்டு, உன் புருஷன் பழையபடி துப்ப ஆரம்பித்துவிட்டார் என்றார். அன்றிலிருந்துதான் இந்த நாக்குச் சோதனை. இன்னொரு துணி வீணானால் வெட்டுமேசைக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாஸ்டருக்கு அந்த மேசையை விட்டால் வேறு நாதியில்லை. வீட்டில் அவர் நோயாளி, தெருவில் இன்னாருடைய புருஷன். அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் அவர் மாஸ்டர்.

"முழுங்கிட்டுத்தான் இருக்கேன். உன் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணவா?" என்று கேட்டார்.

"போன தடவையும் இதே சத்தியம்தாங்க பண்ணுனீங்க" என்றாள் அவள்.

அந்த வாரமே மேசைமேல் விரித்த துணியோடு சேர்ந்து சரிந்தார். மச்சான் காரில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கடை திறந்து கிடக்கிறது என்று திரும்பிப் போனார். மனநல டாக்டரின் சீட்டைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார்கள். மாலையில் டாக்டர் கட்டிலருகே வந்தபோது மனைவி அழுதுகொண்டே முறையிட்டாள்.

"இவரு மாத்திரையே போடறதில்ல டாக்டர். எங்களை ஏமாத்தித் துப்பிடறாரு."

"ரத்தத்துல லித்தியம் இருக்க வேண்டியதைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும்மா. துப்புறவர் உடம்புல அது எப்படி வரும்? வேற என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

இந்தத் தடவை திரை இல்லை, தெரு இல்லை. அவள் சொன்னாள். ரத்த அழுத்த மாத்திரையும் உப்பில்லாத சாப்பாடும் சேர்ந்ததில், உடம்பு லித்தியத்தை வெளியே விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டது என்று டாக்டர் விளக்கினார். தெருமுனை டாக்டரிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த மாத்திரையை எழுதியிருக்கவே மாட்டார்கள் என்றும் சொன்னார்.

மாஸ்டருக்கு எல்லாம் கேட்டது. கிடக்கிற கிடையில் அவருக்குச் சந்தோஷம் வந்தது, அதுதான் கொடுமை. இத்தனை நாள் வீட்டில் எடுபடாத அவருடைய உண்மையை அவருடைய ரத்தம் நிரூபித்துவிட்டது. மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டு, பாவி நான் உங்களை நம்பாமல் போனேனே என்று அழுதாள். அவர் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டார்.

பேச்சு மெல்லத் தெளிந்தது. வலது கை மட்டும் தெளியவில்லை. கொஞ்சம் நடுக்கம் கடைசிவரை நின்றுவிடலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று மச்சான் ஆப்பிளோடு வந்தார்.

"மேசைக்கு வேற ஆள் போட்டாச்சு மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. துணி மடிக்கிற இடத்துல உக்காருங்க, நான் பாத்துக்கறேன். இனிமேலாவது மாத்திரையை ஒழுங்கா முழுங்குங்க."

தான் சொன்னால் எடுபடாது என்று மாஸ்டருக்குத் தெரியும், சொல்ல வேண்டியவள் பக்கத்திலேயே நின்றாள். அவளைப் பார்த்தார். அவள் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். துண்டை ஒரு தடவை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். உண்மையைச் சொன்னால் யார் செய்த தப்பு என்று அடுத்த கேள்வி வரும்.

"அதைத்தாண்ணே நானும் இவருகிட்ட தலைபாடா அடிச்சுக்கறேன்" என்றாள்.